எந்தப் பக்கம் ஊதினாலும் ஒரே பக்கம் சுற்றும் டர்பைன்

ராணிப்பேட்டை பெல் ஆலையில் விசிறிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கடல் அலையில் கரண்ட் எடுக்கும் நிலையத்தில், அலை ஏறும்போது காற்று வெளியே போகிறது, இறங்கும்போது உள்ளே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் டர்பைன் முன்னும் பின்னுமாகத்தானே ஆடும் சார்? அதை வைத்து ஜெனரேட்டர் எப்படி ஓட்டுவது?”

விசிறி செய்தவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். அனல்மின் நிலையக் கொதிகலனுக்குக் காற்று தள்ளும் ராட்சத விசிறிகளில் காற்று எப்போதும் ஒரே திசையில்தான் போகும். கடல் அந்த வசதியைக் கொடுப்பதில்லை.

முதலில் அலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சூரியச் சூட்டால் காற்று வீசுகிறது, காற்று நீரைத் தள்ளி அலையாக்குகிறது. ஆழ்கடலில் தண்ணீர் கரையை நோக்கி நடந்து வருவதில்லை. இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது, ஆற்றல்தான் நகர்கிறது. ஒரு மீட்டர் அகலமான அலை முகப்பில் எத்தனை கிலோவாட் என்று தெரிய, அலையின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நொடிகளால் பெருக்கி, பாதியாக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். ஒரு மீட்டர் உயரம், 8 நொடி என்றால் 4 கிலோவாட். உயரம் 2 மீட்டரானால் 16. புயலில் 8 மீட்டர் உயரம், 12 நொடி இடைவெளி என்றால் 384! அந்த வர்க்கம்தான் இந்தத் துறையின் வரமும் சாபமும். சம்பாதிப்பது சாதாரண நாளின் சின்ன அலையில், தாக்குப்பிடிக்க வேண்டியதோ புயல் நாளின் பேரலையில். 1995-ல் ஸ்காட்லாந்துக் கடலோரம் நிறுவப்பட்ட ஆஸ்ப்ரே என்ற நிலையம், வேலை முடிவதற்குள்ளேயே அலையடித்து உடைந்து மூழ்கியது.

அலையைப் பிடிக்கப் பல வழிகள் உண்டு. வாசகர் கேட்பது ‘அலைவுறும் நீர்த்தூண்’ வகை. அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய கான்கிரீட் அறையைக் கடலில் பாதி முங்கும்படி நிறுத்துகிறார்கள். அலை வந்தால் உள்ளே நீர்மட்டம் ஏறும், போனால் இறங்கும். மேலே அடைபட்ட காற்றுக்கு ஒரே ஒரு குழாய்தான் வழி, அதற்குள் டர்பைன். கடலுக்குப் போகாமலே இதைப் பார்க்கலாம். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, தொட்டித் தண்ணீரில் மேலும் கீழும் அழுத்துங்கள். ஓட்டைக்கு நேரே பிடித்த காகிதத் துண்டு ஒருமுறை வெளியே பறக்கும், அடுத்த முறை உள்ளே இழுபடும். இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, தண்ணீரில் எந்த இயந்திரமும் இல்லை என்பது. சுற்றுகிற பாகமெல்லாம் மேலே காற்றில்தான்.

சரி, திசை மாறும் காற்றுக்கு என்ன செய்வது? வால்வு வைக்கலாம். ஜப்பானின் யோஷியோ மசூதா, கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளை அலையாலேயே எரிய வைத்தார். அவற்றில் காற்றை ஒரே பக்கம் திருப்பிவிட வால்வுகள் இருந்தன. சின்ன மிதவைக்கு அது போதும். பெரிய நிலையத்தில் 8 நொடிக்கு ஒரு அலை என்றால் ஒரு நாளைக்கு 10,800 முறை வால்வு திறந்து மூட வேண்டும், அதுவும் உப்புக் காற்றில்.

இங்கேதான் ஆலன் வெல்ஸ் வருகிறார். எஃகில் விரிசல் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1970-களின் பின்பாதியில் அவர் கொடுத்த விடை: திசை மாறிவிட்டுப் போகட்டும், டர்பைன் கண்டுகொள்ளாது.

உங்கள் ஆலை விசிறிகளில் பிளேடு கொஞ்சம் சாய்ந்திருக்கும். வெல்ஸ் டர்பைனில் சாய்வே கிடையாது. தண்டைச் சுற்றி, சுழலும் தளத்திலேயே தட்டையாகப் படுத்திருக்கும். பிளேடின் குறுக்குவெட்டு விமான இறக்கை மாதிரி, முன்னால் உருண்டு பின்னால் கூராக இருக்கும். ஆனால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே அளவு வளைவு. குழாய் வழியே வரும் காற்று இந்தத் தட்டைப் பிளேடில் நேர்க்குத்தாக மோதுகிறது. அப்புறம் எப்படிச் சுற்றும்?

நின்றுகொண்டிருந்தால் சுற்றாது. காற்று பிளேடைத் தண்டின் திசையில் அழுத்தும், அவ்வளவுதான். சுற்ற ஆரம்பித்த பிறகு கதை வேறு. காட்பாடியிலிருந்து வேலூருக்கு மழையில் பைக் ஓட்டியிருப்பீர்கள். மழை நேராகத்தான் விழுகிறது, ஆனால் வண்டி வேகமெடுத்ததும் முகத்தில் அடிக்கிறது. ஓடுகிறவனுக்கு மழையின் திசையே வேறு. பிளேடுக்கும் அதேதான். பிளேடு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, குழாய்க் காற்று நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளேடில் உட்கார்ந்து பார்த்தால் காற்று ஏறத்தாழ எதிரிலிருந்து வருகிறது, வெறும் எட்டரை டிகிரி சாய்வில், கீழேயிருந்து.

இறக்கை வடிவத்தின் மேல் காற்று சின்னக் கோணத்தில் பட்டால் தூக்குவிசை பிறக்கும். அந்த விசை, வந்து மோதும் காற்றுக்குச் செங்குத்தாக இருக்கும். காற்று எட்டரை டிகிரி சாய்ந்திருப்பதால் தூக்குவிசையும் அதே எட்டரை டிகிரி சாய்கிறது. எந்தப் பக்கம்? பிளேடு ஓடும் பக்கமே, முன்னால்! தூக்குவிசை 100 பங்கு என்றால் அதில் சுமார் 15 பங்கு பிளேடை முன்னே தள்ளுகிறது. நல்ல வடிவமுள்ள இறக்கையில் பின்னுக்கு இழுக்கும் விசை 2 பங்குபோல இருக்கும். மிச்சம் 13. இந்தப் பதின்மூன்றுதான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது.

இப்போது அலை இறங்குகிறது, காற்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பிளேடின் பார்வையில் காற்று அதே எட்டரை டிகிரி, ஆனால் மேலேயிருந்து. இரண்டு பக்கமும் ஒரே வளைவு என்பதால் தூக்குவிசை அப்படியே புரண்டு கீழ்நோக்கிப் போகிறது. ஆனால் முன்னோக்கிய அந்த 15 பங்கு மாறவில்லை, மறுபடியும் முன்னால்தான்! காற்று தலைகீழானாலும் சுழற்சி மாறாது. வால்வு வேண்டாம், பிளேடைத் திருப்பும் பொறி வேண்டாம். படம் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். ஒரு தாளை எடுத்து இரண்டு முக்கோணம் போட்டுப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. தானாகக் கிளம்பாது, ஜெனரேட்டரையே மோட்டாராக்கி முதலில் சுற்றிவிட வேண்டும். பெரிய அலை வந்து கோணம் சுமார் 14 டிகிரியைத் தாண்டினால் பிளேடின் மேல் காற்று ஒட்டாமல் பிரிந்து, தூக்குவிசை படுத்துவிடும். அலை மிகவும் சின்னதானால் ஜெனரேட்டர் மறுபடி மோட்டாராகி, மின் கம்பியிலிருந்தே கரண்டை இழுக்கும். சத்தமும் அதிகம்.

இதை நம்மவர்களும் செய்து பார்த்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் குழு, கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் 1991-ல் 150 கிலோவாட் நிலையம் ஒன்றை ஓட்டியது. வெல்ஸ் டர்பைன்தான். பிற்பாடு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அதே நிலையத்தை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்கியது. 2011-ல் நிலையம் கைவிடப்பட்டது. அதே 2011-ல் ஸ்பெயினின் முட்ரிக்கு என்ற ஊரின் துறைமுகத்தில், அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 வெல்ஸ் டர்பைன்களை வைத்து 296 கிலோவாட் நிலையம் திறந்தார்கள். புதுத் துறைமுகச் சுவர் எப்படியும் கட்டப்போகிறோம், அதில் சில அறைகளைச் சேர்த்தால் கான்கிரீட் செலவு பாதி துறைமுகக் கணக்கில் போய்விடும். அவர்களுக்கு இருபது வருடம் முன்னால் தொடங்கிய நாம் இதை ஏன் செய்யவில்லை? ஆராய்ச்சிப் பணம் இங்கே திட்டம் திட்டமாக வருகிறது. திட்டம் முடிந்ததும் ஆள் கலைகிறான், பொருள் துருப்பிடிக்கிறது. பிரிட்டனும் சளைத்ததல்ல, 1982-ல் தன் அலைமின் திட்டத்துக்கான நிதியை வெட்டியது.

2022 நவம்பரில் சென்னை ஐஐடி தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் சிந்துஜா-1 என்ற மிதவைக் கருவியைச் சோதித்தது. அலையோடு மிதவை ஏறி இறங்குவதை வைத்து 100 வாட் எடுத்தார்கள். “நூறு வாட்டா? ரெண்டு ஃபேன் கூட ஓடாது” என்று சிரித்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களில் சிலர் போர் போடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்கு மரியாதையாகப் பணம் கொடுப்பார்கள். ஆயிரம் அடி போட்டும் புழுதி வந்தால் விதி என்பார்கள். கடலில் வைத்த சோதனைக் கருவிக்கு மட்டும் அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அதற்காக, நாளைக்கே வேலூருக்கு அலை மின்சாரம் வரும் என்று சொல்ல மாட்டேன். நம் பாலாறு போய்ச் சேரும் கல்பாக்கம் பக்கத்துக் கடலில் சாதாரண நாட்களில் அலை சுமார்தான். தென்துருவப் பக்கத்துப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகளில் ஒரு பகுதியை இலங்கை மறைத்துவிடுகிறது. வட அட்லாண்டிக் கரையில் மீட்டருக்கு 60 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்கும் இடங்கள் உண்டு, நமக்கு நல்ல இடத்திலேயே பத்தை ஒட்டித்தான். வேலூர் வெயிலை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் சோலார் போடாமல் கடலைப் பார்த்து ஏங்குவது சரியான கணக்கு இல்லை.

அலைக்கென்று இடம் வேறு. அது ராத்திரியிலும் அடிக்கும், மழை மாதத்தில் வெயில் குறையும்போது கூடும். டீசல் ஏற்றிப் போக வேண்டிய தீவுகள், கரையோரக் குடிநீர் நிலையங்கள், நடுக்கடலில் வானிலை அளக்கும் மிதவைகள், இவற்றுக்கெல்லாம் ஒரு யூனிட்டின் விலை மின்வாரியக் கட்டணத்தோடு போட்டி போட வேண்டியதில்லை, கப்பலில் வரும் டீசலை விடவும் பேட்டரியை விடவும் மலிவாக இருந்தால் போதும். வானிலை மிதவைக்கு நூறு வாட் தாராளம்.