முதலில் யூகம், அப்புறம் உப்பு

சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க கடையில் விற்கிற பெட்டிகளை வாங்குவதற்கு முன்னால், விதைநெல் பிரிக்கிற வேலையை ஒரு தடவை அவர்களோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சொந்த விதை வைத்திருக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த முறைதான். அண்டாவில் தண்ணீர், அதில் ஒரு புது முட்டை, முட்டை மேலே வருகிற வரை உப்பு. முட்டையின் தலை நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி, நெல்லைக் கொட்டலாம்; நல்ல விதை முங்கும், மற்றது மிதக்கும். நாலணாவை இந்தப் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள், ஒரு ரூபாயைக் காட்டி அதைவிடக் கொஞ்சம் சின்னது என்று சொல்லுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்பது வழக்கமான கணக்கு.

இதையே வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் செய்யலாம், ஐந்து ஆறு வயசு போதும். ஆனால் ஒரு நிபந்தனை. முட்டையைப் போடும் முன்னால் "மிதக்குமா, முங்குமா?" என்று கேட்டு, பிள்ளை வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். முங்கிய பிறகு "எத்தனை ஸ்பூன் உப்புப் போட்டால் மேலே வரும்?" என்று இன்னொரு கேள்வி. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், எண்ணுவது தானாக வந்துவிடும். முதல் சில ஸ்பூனுக்கு ஒன்றுமே நடக்காது. பிள்ளை சலித்துப்போய் எழுந்திருக்கப் பார்க்கும் நேரத்தில் முட்டை அடியிலிருந்து லேசாக ஆடும், நிமிரும், அப்புறம் மெல்ல ஏறும். அந்த நேரத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டால் பாடப்புத்தகத்தில் 'அடர்த்தி' என்று போட்டிருக்கும் பெட்டிச் செய்தி மேல் உங்களுக்கே மரியாதை போய்விடும்.

யூகத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கற்றல் நடக்கிற இடமே அதுதான். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் மூளை அந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது. 2015இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 11 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பந்து ஒரு சுவருக்குள் புகுந்து வெளியே வந்த மாதிரி காட்டினால், குழந்தைகள் அந்தப் பந்தைக் கையில் வாங்கியதும் தட்டிப் பார்த்தன. பொருள் அந்தரத்தில் நிற்கிற மாதிரி காட்டினால், அதைக் கீழே போட்டுப் பார்த்தன. பேச்சு வராத வயசிலேயே, ஏமாந்த இடத்துக்கு ஏற்ற சோதனையை அவை தேர்ந்தெடுக்கின்றன. எதிர்பார்த்தபடி நடந்த பொருளைவிட, எதிர்பாராமல் நடந்த பொருளைப் பற்றித்தான் அவை நன்றாகக் கற்றுக்கொள்ளவும் செய்தன. யூகமே கேட்காமல் நாமே உப்பைப் போட்டு முட்டையை மிதக்கவிட்டுக் காட்டினால் அது வேடிக்கை, அவ்வளவுதான்.

சரி, முட்டை ஏன் மேலே வந்தது? ஒரு பொருள் தன் இடத்துக்கு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடை பொருளின் எடையைவிட அதிகமாக இருந்தால் பொருள் மேலே வரும். புது முட்டை அதே அளவு நல்ல தண்ணீரைவிடச் சுமார் எட்டு சதவீதம் கனம். உப்பு கரையக் கரையத் தண்ணீர் கனத்துப்போய் முட்டையைத் தாண்டிவிடுகிறது. வேளாங்கண்ணி கடலில் போட்டால் மிதக்குமா என்று கேளுங்கள், பெரியவர்களே 'ஆமாம்' என்பார்கள். மிதக்காது. கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்பு, முட்டைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். வேதாரண்யம் உப்பளத்தில் உப்புப் பூக்கும் பாத்தியில் மிதக்கும். பழைய முட்டையை மட்டும் எடுக்காதீர்கள், ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய் உள்ளே காற்று சேர்ந்திருக்கும், நல்ல தண்ணீரிலேயே மிதந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

நெல்லிலும் இதே கதை. நல்ல தண்ணீரில் வெறும் பதர் மட்டும் மிதக்கும், பாதி பால் பிடித்த கருக்காய் நல்ல நெல்லோடு சேர்ந்து முங்கிவிடும். உப்புத் தண்ணீரில்தான் கருக்காயும் மேலே வந்து மாட்டிக்கொள்கிறது. முங்கியதில் 20, மிதந்ததில் 20 எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி (உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்), ஒரு பகலும் இரவும் ஊறவைத்து, ஈரத்துணியில் ஐந்தைந்தாக வரிசை வைத்து மூடுங்கள். மறுபடியும் யூகம், இதில் எத்தனை, அதில் எத்தனை. மிதந்ததிலும் சில முளைக்கும், பிள்ளை 'ஏன்?' என்று கேட்கும், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். புதிதாக அறுத்த நெல் வேண்டாம், சில ரகங்கள் கொஞ்ச காலம் உறங்கிவிட்டுத்தான் முளைக்கும்.

கணக்குக்குப் பரணில் கிடக்கும் அளவைகளே போதும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியில் அரை, கால், அரைக்கால் மூன்றும் கையில் வந்துவிடுகிறது. ஒரு உழக்கு அரிசியை ஒல்லிச் செம்பிலும் அகலத் தட்டிலும் மாற்றி ஊற்றி எதில் அதிகம் என்று கேட்டால், ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளை பெரும்பாலும் செம்பைத்தான் காட்டும். ஸ்விட்சர்லாந்தின் ஜீன் பியாஜே இதைத்தான் தண்ணீரை வைத்துக் காட்டினார். அங்கே திருத்தாதீர்கள். திரும்ப உழக்கிலேயே கொட்டி அளக்கவிடுங்கள், போதும்.

எழுத்துக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. புள்ளி வைத்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டுகிற நோட்டுகள் எல்கேஜி பைக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து 2012இல் வெளியிட்ட முடிவு இது: தானாகப் பார்த்து எழுதிய எழுத்தைப் பிறகு பார்க்கும்போது, வாசிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் வேலை செய்தன, தட்டச்சு செய்த எழுத்துக்கும் புள்ளிமேல் இழுத்த எழுத்துக்கும் அந்த அளவுக்கு இல்லை. கோணலாக, பெரிதாக, சின்னதாக என்று பிள்ளை விதவிதமாக எழுதுகிறதே, அந்த வேறுபாடுகளிலிருந்துதான் மூளை 'இவை எல்லாமே ஒரே எழுத்து' என்று பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். நாங்கள் அடித்துத் திருத்தும் கோணல் எழுத்துக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

கோணலுக்கு இடம் கொடுக்க மணலை மிஞ்சிய பலகை கிடையாது, கையால் தடவினால் அழிந்துவிடும், தப்பு என்கிற பயமே வராது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழ் கற்க உள்ளூர் வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் இருப்பிடத்துக்கு வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில்தான் எழுதினார். தாம்பாளத்தில் சலித்த ஆற்று மணல், இல்லையென்றால் அரிசி. எழுத்தைக் காட்டி, மறைத்து, பிள்ளையை எழுதவிட்டு, மறுபடி காட்டுங்கள். தன்னுடையதில் எது மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். இங்கேயும் யூகம்தான் வேலை செய்கிறது. 'அ'வில் ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதன் சுழி சின்ன விரலுக்குக் கஷ்டம். 'ட' கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். அதன் கடைசியில் மேலே ஒரு கோடு போட்டால் 'ப'. 'ம' கொஞ்சம் வளைவு கேட்கும், ஆனால் அது வந்துவிட்டால் ஒரு புள்ளியும் சேர்த்துப் படம், மடம், பட்டம், மட்டம் என்று அந்த வாரமே நாலு வார்த்தை எழுதலாம்.