போதையா, பக்கவாதமா?

மார்கழி வாடை அடிக்கும் நாளில் பாம்பனிலோ மண்டபத்திலோ படகில் வலை ஏற்றுபவர்களிடம் கேட்டால், "ஒரு கட்டிங் போட்டாத்தான் குளிர் தாங்கும்" என்பார்கள். சூடு தெரிவது உண்மைதான். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே தங்க வேண்டிய வெப்பம் வெளியே போகிறது. காது சுடும்போதே உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டிருக்கும்.

மூளைக்குள் விவகாரம் இன்னும் சிக்கலானது. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளைதான் நாம் சும்மா இருக்கும்போதும் 20 சதவீத ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சில நிமிடம் ரத்தம் நின்றாலே செல்கள் சாகத் தொடங்கும். கொஞ்சமாகக் குடித்தால் மூளையின் குழாய்கள் சற்று விரிகின்றன. அளவு ஏற ஏற அதே மது அவற்றை இறுக்குகிறது. குழாயின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் அது சுருங்கும். அளவோடு நுழையவிட்டுக் காப்பது மெக்னீசியம். விலங்குகளில் செய்த ஆய்வுகளில், மது மிகுந்தபோது தசைக்குள் இருந்த மெக்னீசியம் குறைந்தது, குழாய் இறுகியது.

வருஷக்கணக்கில் குடித்தால் பிரஷர் ஏறும். பெரிய அடி விழுவது மூளையின் ஆழத்துக்குப் போகும், ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத தமனிகளின் மேல். பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைப்பதால் அழுத்தம் தணியாமலே அவற்றுக்குள் பாய்கிறது. சுவர் நலிந்து ஒருநாள் வெடிக்கும். கசிவு நிற்பதும் கஷ்டம். உறைய வைக்கும் புரதங்களைத் தரும் கல்லீரலும், தட்டணுக்களைத் தரும் எலும்பு மஜ்ஜையும் குடியால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். சிலருக்கு நேர்மாறாக அடைப்பு வரும். ஒரே இரவில் மிதமிஞ்சிக் குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அப்போது இதயத்தில் தேங்கி உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கலாம். கசிவோ அடைப்போ, இரண்டுமே பக்கவாதம்தான்.

எனக்குப் பெரிய கவலை இதற்கு அடுத்த கட்டம்தான். நாக்கு குழறி, கால் தள்ளாடும் ஆளைப் பார்த்ததும், "தண்ணி போட்டிருக்காரு, தூங்க விடுங்க" என்று ஓரமாகப் படுக்க வைத்துவிடுகிறோம். பக்கவாதமும் அப்படியேதான் தெரியும். போதை இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தளர்த்தும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும். சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். குடித்த வாடை அடித்தாலும் பாருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் அடைப்பா, கசிவா என்று சிடி ஸ்கேன் சொல்லியாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். ஆள் கடலில் இருந்தால் கரை சேரவே நேரம் கரைந்துவிடும். டாக்டர் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். அந்த நேரத்தைக் கூட இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழியிலேயே கரைக்குச் சொல்லி, 108 வண்டியை ஜெட்டிக்கு வரவழைத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளியட்டும் என்று மோரோ தண்ணீரோ புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.