ரிசர்வ் டிரைவர்: தமிழில் சேம ஓட்டுநர்

கார்ப் பந்தயச் செய்திகளில் அடிக்கடி வந்தும் தமிழில் இன்னும் நிலையான பெயர் கிடைக்காத சொல் ‘ரிசர்வ் டிரைவர்’. மாற்று ஓட்டுநர் என்று எழுதுகிறோம், கூடுதல் ஓட்டுநர் என்கிறோம், சில சமயம் துணை ஓட்டுநர் என்றும் போட்டுவிடுகிறோம். மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை அல்ல.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஃபார்முலா 1இல் ஓர் அணிக்கு இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். அந்த இருவரில் ஒருவருக்கு அடிபட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோ அவருடைய காரை எடுப்பதற்கென்று அணி வைத்திருக்கும் ஆள்தான் ரிசர்வ் டிரைவர். சூப்பர் லைசென்ஸ் என்ற தனி உரிமம் அவருக்கும் வேண்டும். சிமுலேட்டரில் மணிக்கணக்காக ஓட்டி, காரின் அமைப்பைச் சரிசெய்ய உதவுவார். பந்தயத்தன்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கராஜில் நிற்பார். பல ஆண்டுகள் அப்படி நின்றே காலம் போய்விடுவதும் உண்டு.

ஆனால் நேரம் வந்தால் ஒரே நாளில் வந்துவிடும். 2024 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் ஃபெராரி ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அழற்சி. அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். அந்தக் காரில் ஏறியவர் 18 வயது ஆலிவர் பேர்மன். ஃபார்முலா 1 பந்தயத்தில் அவர் ஓட்டுவது அதுதான் முதல் முறை. 11ஆம் இடத்தில் கிளம்பி 7ஆம் இடத்தில் முடித்தார். இரண்டு வாரம் கழித்து சைன்ஸ் திரும்பி வந்து ஆஸ்திரேலியப் பந்தயத்தை வென்றார். வயிற்றில் தையல் போட்டவர் அவ்வளவு சீக்கிரம் வந்து ஜெயித்தது பெரிய காரியம். அதே அளவு பெரிய காரியம், அவர் இல்லாத வாரத்தில் அந்த இருக்கை வீணாகப் போகாமல் இருந்தது.

இனி வேர். ‘ரிசர்வ்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘ரெ’ என்றால் பின்னால். ‘செர்வாரே’ என்றால் காத்தல், வைத்திருத்தல். இப்போது செலவழிக்காமல் பின்னுக்கு எடுத்துவைப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்து, இடத்துக்கு ஒரு வேடம் போட்டுக்கொண்டது. ரயிலில் ரிசர்வேஷன் முன்பதிவு ஆயிற்று. சட்டத்தில் அது இட ஒதுக்கீடு. ரிசர்வ் ஃபாரஸ்ட் காப்புக்காடு. பணமாக இருந்தால் கையிருப்பு. பழைய பைக் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு ரிசர்வ் தெரியும். பாண்டி கோயில் ரிங்ரோட்டில் போகும்போது வண்டி ‘டுப் டுப்’ என்று இழுக்கும், குனிந்து பெட்ரோல் குழாயின் திருகைத் திருப்புவோம், ‘ரிசர்வ்ல விழுந்துருச்சு’ என்போம். பந்தய ரிசர்வுக்கு இந்த வழக்குதான் ரொம்பக் கிட்டத்தில் வருகிறது: முதலில் இருந்தது தீர்ந்ததும் வண்டி நின்றுவிடாமல் ஓட்டுவது.

மதுரையில் இந்த வேலைக்கு வேறொரு பெயர் புழங்குகிறது: ‘ஆக்டிங் டிரைவர்’. மாட்டுத்தாவணிப் பக்கம் டிராவல்ஸ் கடைகளிலும் கார் ஸ்டாண்டுகளிலும் விசாரித்தால் உடனே நம்பர் தருவார்கள். ‘அண்ணே, கொடைக்கானல் ரெண்டு நாள். ஆக்டிங் வர்றீங்களா?’ ‘பேட்டா என்ன தருவீங்க?’ இவ்வளவுதான் பேச்சு. வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல், அல்லது வீட்டில் விசேஷம். வருகிறவர் சாவியை வாங்கியதும் கிளம்பிவிட மாட்டார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவார், கண்ணாடியைத் திருப்புவார், நின்ற இடத்திலேயே கிளட்சை இரண்டு முறை மிதித்து எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்ப்பார். ‘பிரேக் கொஞ்சம் கீழ எறங்கித்தான் பிடிக்கும்’ என்று உரிமையாளர் சொல்லுவார், தலையாட்டிக்கொள்வார். அடுத்தவர் வண்டியைத் தன் உடம்புக்குப் பழக்கிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிஷம் பந்தயக் காரில் கிடைக்காது. அங்கே இருக்கையை ஓட்டுநரின் முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்து வார்த்திருப்பார்கள். ஒருவருக்கு வார்த்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் ஓட்டுவோமா மாட்டோமா என்று தெரியாத ரிசர்வ் ஆளுக்கும் முன்கூட்டியே ஓர் இருக்கை வார்த்து வைக்கவேண்டியிருக்கிறது.

‘ஆக்டிங்’ வெள்ளைக்காரன் கால அலுவலகச் சொல். கலெக்டர் லீவில் போனால் அவர் வேலையைப் பார்க்கிறவர் ஆக்டிங் கலெக்டர். இன்று ‘பொறுப்பு துணைவேந்தர்’ என்று எழுதுகிறோமே, அதே பொருள். நடிப்பு என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ‘ஆக்டிங்’ என்றதும் ஏதோ போலி ஆள் என்ற நினைப்பு சிலருக்கு வந்துவிடுகிறது. அது தவறு. அதன் வேரான ‘அகெரே’ என்ற லத்தீன் வினைக்குச் செய்தல் என்று பொருள். மாட்டை ஓட்டுதல் என்றும் பொருள். நம் ‘ஓட்டு’ம் அப்படித்தானே? மாடு ஓட்டுவதற்கும் கார் ஓட்டுவதற்கும் நமக்கும் ஒரே வினைதான்.

இன்னொரு சொல்லும் வாயில் வரும்: ஸ்டெப்னி. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஆரம்பித்த நிறுவனத்தின் பெயர் அது. இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. அந்தக் காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. காற்றுப் போன சக்கரத்தின்மேல் கவ்விக்கொள்ளும் ஒரு வளையத்தை டயரோடு செய்து விற்றார்கள். நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராகி நம் லாரிகளின் அடியில் இன்றும் தொங்குகிறது. டயருக்கு அது நல்ல சொல். ஆளுக்குச் சொன்னால் இழிவு. உழைத்து உரிமம் வாங்கி, கழுத்துத் தசையை இறுக்கிக்கொண்டு காத்திருக்கும் ஒருவரை ஸ்டெப்னி என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘துணை ஓட்டுநர்’ ஆகாது. துணை என்றால் கூடவே இருப்பவர். மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்களில் சாரதி ஒருவர், துணைச் சாரதி ஒருவர். இருவரும் அந்தப் பந்தயத்துக்கு அப்போதே தேவைப்படுகிறவர்கள். மோட்டார் ராலியில் பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பை வாசித்துக்கொண்டே வருகிறவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ‘காப்பு ஓட்டுநர்’ என்றால் காவலுக்கு வந்தவர் போல் தொனிக்கும். ‘ஒதுக்கு’ என்ற வேரை எடுத்தாலோ ஒதுக்கி வைக்கப்பட்டவர் ஆகிவிடுவார். ‘கூடுதல்’ என்பது எண்ணிக்கையைத்தான் சொல்கிறது.

இதற்கு வேண்டிய சொல் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். எருதுகள் இளையவை, நுகத்தடிக்கு இன்னும் பழகவில்லை. வண்டியிலோ சரக்கு ஏராளம். ‘அவல் இழியினும் மிசை ஏறினும் அவணது அறியுநர் யார்’: பள்ளத்தில் இறங்கலாம், மேட்டில் ஏறலாம், போகிற வழியில் என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில், ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’. அச்சு முறிந்தால் மாட்டிக்கொள்ள இன்னோர் அச்சைக் கட்டிவைத்திருக்கிறார்கள். நீ அந்தச் சேம அச்சுப் போன்றவன், உன் நிழலில் வாழ்கிறவர்களுக்கு இருள் ஏது என்கிறார் ஒளவை.

ஓர் அரசனைப் புகழ்வதற்கு எடுத்த உவமை இது. ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்’ என்றால் இரண்டாம் தரம் என்ற நிழல் விழுகிறது. நம் பாட்டில் சேமமாக இருப்பதுதான் பெருமை. அச்சு முறிகிறவரை அது வெளியே தெரியாது. ஆனால் அது கீழே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு சுமையையும் ஏற்றியிருக்கிறார்கள். கம்பனிடத்தில் ‘சேமத்தேர்’ உண்டு: போர்க்களத்தில் ஏறியிருந்த தேர் அழிந்தால் ஏறிக்கொள்ள வைத்திருக்கும் தேர். சேம அச்சு, சேமத்தேர் என்ற வரிசையில் சேம ஓட்டுநர் இயல்பாக வந்து உட்காருகிறது. சேமிப்பும் சேமநல நிதியும் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் சொல்லும் அந்நியமில்லை.

சேமம் வடசொல்லாயிற்றே என்று கேட்கலாம். ‘க்ஷேம’ என்பதிலிருந்து வந்தது என்றுதான் தமிழ் லெக்சிகன் சொல்கிறது. காவல் என்ற பொருளுள்ள ‘ஏமம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் ஒளவை வாயில் புழங்கிய சொல்லை வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த ஒரு சொல்லை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்துவிட முடியாது. காத்திருப்பவர் வேறு, வந்து உட்காருகிறவர் வேறு. 1999 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஃபெராரி ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கரின் கால் முறிந்தது. ஃபெராரிக்குச் சோதனை ஓட்டுநராக இருந்தவர் லூக்கா படோயர். அவரை விட்டுவிட்டு வெளியிலிருந்து மிக்கா சாலோவை அழைத்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் பி.ஏ.ஆர். (BAR) என்ற அணியின் ரிக்கார்டோ சோன்டாவுக்குக் காலில் அடிபட்டபோதும் அவர் இடத்தில் ஓட்டியவர் சாலோதான். ஒரே பருவத்தில் அடிபட்ட இருவருக்குப் பதிலாக ஓட்டிய மனிதர். ஃபெராரியில் அவருக்குக் கிடைத்தவை ஆறு பந்தயங்கள். இரண்டாவது பந்தயமான ஜெர்மனியிலேயே முன்னணியில் இருந்தார், வாழ்க்கையின் முதல் வெற்றி கைக்கெட்டும் தூரம். சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் இருந்த சக ஓட்டுநர் எடி இர்வைனுக்கு வழிவிடச் சொன்னது அணி, விட்டார். இர்வைன் ஜெயித்தார். வாங்கிய கோப்பையைச் சாலோவிடமே கொடுத்தார்.

படோயரின் முறை பத்து ஆண்டு கழித்து வந்தது. 2009 ஜூலையில் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று ஃபெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தில் அடித்தது. மண்டையில் காயம், அந்தப் பருவம் அதோடு முடிந்தது. ஓய்விலிருந்த ஷூமாக்கரே வருவதாக இருந்து, பைக் விபத்தில் பட்ட கழுத்துக் காயத்தால் முடியாமல் போக, படோயர் ஏறினார். பருவத்துக்கு நடுவே சோதனை ஓட்டம் கூடாது என்று அந்த ஆண்டுதான் விதி வந்திருந்தது. அதனால் அந்தக் கார் கைக்குப் பழகவேயில்லை. வலென்சியாவில் 17ஆம் இடம், பெல்ஜியத்தில் கடைசி இடம். அடுத்த பந்தயத்தில் அவர் இடத்துக்கும் ஜான்கார்லோ ஃபிசிக்கெல்லா வந்துவிட்டார். படோயரைக் கேலி செய்தவர்கள் நிறைய. அவர்மேல் பழி போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. சேமமாக வைத்திருந்த ஆளைக் காரில் ஏற்றிப் பழக்க வழியில்லாமல் செய்தது விதி.

ஆகவே காத்திருக்கும் வரை சேம ஓட்டுநர். இருக்கையில் ஏறிவிட்டால் ‘பதில் ஓட்டுநர்’. நம் ஊர்ப் பேச்சிலேயே ‘அவருக்குப் பதிலா இவரு’ என்றுதானே சொல்கிறோம். பதில் என்பதும் ‘பதல்’ என்ற அரபிச் சொல் உருது வழியாக வந்ததுதான். மாற்றிக் கொடுப்பது என்று பொருள். ‘மாற்று ஓட்டுநர்’ என்ற சொல்லை, ஒரே காரை முறைபோட்டு ஓட்டும் நீண்டதூரப் பந்தயங்களுக்கு விட்டுவிடலாம். 2025 ஜனவரியில் அஜித்குமார் துபாய் 24 மணி நேரப் பந்தயப் பயிற்சியில் விபத்துக்குள்ளாகி, நல்லவேளையாகப் பெரிய காயமின்றித் தப்பி, தன் அணியின் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டபோது, கூட இருந்த ஓட்டுநர்களே அதை முடித்துப் பிரிவில் மூன்றாம் இடம் வாங்கினார்கள். அவர்கள் சேம ஓட்டுநர்கள் அல்ல; ஆரம்பத்திலிருந்தே மாற்றி மாற்றி ஓட்ட வந்தவர்கள்.

அப்புறம், பதில் ஓட்டுநரே நிலையான ஓட்டுநர் ஆகிவிடுவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் நெதர்லாந்தின் சான்ட்ஃபோர்ட் தடத்தில் டேனியல் ரிக்கார்டோ தடுப்பில் மோதினார். மோதும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காததால் இடது கையில் எலும்பு முறிந்தது. ஐந்து பந்தயங்களுக்கு லியம் லாசன் ஓட்டினார், சிங்கப்பூரில் 9ஆம் இடம் பிடித்துப் புள்ளி எடுத்தார். ரிக்கார்டோ குணமாகி வந்து இடத்தை வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு சிங்கப்பூர்ப் பந்தயத்துக்குப் பிறகு அதே இருக்கை, அடி ஏதும் படாமலே, லாசனுக்குப் போனது.

திரும்பி வருவதற்குச் செய்திகளில் ‘மீண்டார்’ என்று எழுதுகிறார்கள். மதுரைப் பேச்சில் ‘தேறிட்டாரு’. பந்தயத்துக்கு இதுவே மேல். தேறுதல் என்றால் உடம்பு நலமாவது, தேர்வில் தகுதி பெறுவது, இரண்டும்தான். ஓட்டுநருக்கும் இரண்டும் வேண்டும்: எலும்பு கூடினால் மட்டும் போதாது, மருத்துவர் பார்த்து ஓட்டலாம் என்று சொல்லவேண்டும். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் தீயில் வெந்த ஃபெராரி ஓட்டுநர் நிக்கி லாடா, ஆறு வாரத்தில் இத்தாலியின் மொன்சா தடத்தில் வந்து நின்றார். அவர் இடத்துக்கென்று ஃபெராரி கார்லோஸ் ராய்ட்டமானை ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. கடைசியில், அணியின் இன்னோர் ஓட்டுநரையும் சேர்த்து, மூன்று காரை இறக்கவேண்டியதாயிற்று. ஆறாத தலைப் புண்ணோடு லாடா 4ஆம் இடம், ராய்ட்டமான் 9ஆம் இடம்.

எழுதும்போது ஒன்று கவனிக்கவேண்டும்: ஓட்டுநர், ‘ஓட்டுனர்’ அல்ல. செய்பவரைக் குறிக்கும் ‘நர்’ விகுதி அது. ஒளவை பாட்டின் ‘அறியுநர்’ என்பதிலும் அதே விகுதிதான்.