கோடரிக்காரன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தும் ஏன் திடுக்கிடுகிறோம்?

வழி தவறிய வான் ஒன்று, அதற்குள் ஐந்து இளசுகள். பெற்றோல் ஷெட்டில் நிற்கும் கிழவர் அந்தப் பாதையால் போகவேண்டாம் என்பார், போவார்கள். ஃபோனில் சிக்னல் இருக்காது. காட்டுக்குள் ஒரு மரவீடு, முகமூடி, கோடரி. ஒவ்வொருவராக வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்புவாள். கரோல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987-இலேயே அவளுக்கு 'இறுதிப் பெண்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்தளவுக்குப் பழசான வாய்பாடு.

அப்படியான ஒரு படத்தை அண்மையில் கோண்டாவிலில் மச்சான் வீட்டு ஹோலில் இருந்து பார்த்தோம். நடிப்பு மோசம், வசனம் அதைவிட மோசம். "இப்ப கதவுக்குப் பின்னாலை நிப்பான், பாருங்கோ" என்று மச்சான் சொல்லி வாய் மூடவில்லை. கதவு திறந்தது, அவன் நின்றான். சொன்ன மச்சானின் கையிலிருந்த பருத்தித்துறை வடைதான் முதலில் நிலத்தில் விழுந்தது. ஹோல் முழுக்கச் சிரிப்பு.

சொன்னவனே திடுக்கிட்டது எப்படி? திடுக்கிடுவது ஒரு தெறிவினை, அதாவது நாங்கள் யோசிக்காமலே உடம்பு தானாகச் செய்வது. திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் காதிலிருந்து புறப்படும் செய்தி மூளைத்தண்டில் உள்ள சில நரம்புக்கலங்களைத் தொட்டு, அங்கிருந்து நேரே தசைகளுக்கு இறங்குகிறது. இமை மூடத் தொடங்க ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கே போதும். கதையைப் புரிந்துகொண்டு, அடுத்தது என்ன என்று கணிக்கும் மூளைய மேற்பட்டைக்குச் செய்தி போய் அது யோசித்து முடிப்பதற்குள் தோள் குறுகி, வடை விழுந்துவிடும்.

ஆனால் இந்தத் தெறிவினையின் பலம் எப்போதும் ஒன்றல்ல. ஏற்கெனவே பயந்திருப்பவர் கூடுதலாகத் திடுக்கிடுவார். பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப்பகுதி மூளைத்தண்டின் அந்தப் பாதையை முன்கூட்டியே முறுக்கேற்றி வைத்திருப்பதே காரணம். மனிதர்கள் வெளிச்சத்தைவிட இருட்டில் கூடுதலாகத் திடுக்கிடுவதும் பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். ஆகவே கதவு திறக்குமுன் வரும் அந்த நீண்ட அமைதியும், மெல்லிய வயலின் இழுவையும், மச்சானின் எதிர்வுகூறலும் சேர்ந்து செய்வது இந்த முறுக்கேற்றும் வேலையைத்தான். அவன் சரியாகச் சொன்னதால்தான் எல்லோரும் இன்னும் பலமாகத் துள்ளினோம் என்பது என் எண்ணம்.

சத்தத்தின் தன்மைக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் மார்மொட் என்ற மலை அணில்களை ஆராயும் டானியல் புளும்ஸ்டைன், பிடிபட்ட குட்டிகள் போடும் கரகரத்த கூச்சல் கேட்பவரை உலுக்குவதைக் கவனித்தவர். அவரும் குழுவினரும் 2010-இல் நூறுக்கு மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களைப் பிரித்துப் பார்த்தபோது, திகில் படங்களில் இப்படிப் பிசிறடிக்கும் அலறல்கள் கூடுதலாக இருந்தன. கீரி பிடித்த கோழி கத்தும் சத்தமும் இந்த வகைதான். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு கிடையாது, காடு பார்க்க வன்னிக்குப் போகவேண்டும். இரவில் வடலிக்குள் காவோலை விழுந்தாலே நிமிர்ந்து பார்க்கும் காதுக்கு அமெரிக்கக் காடு அந்நியமாகப் படுவதில்லை.

சரி, திடுக்கிட்டாயிற்று. சிரிப்பு எங்கிருந்து வந்தது? பயந்த கணத்தில் சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. "படம்தானே" என்று மனம் உடனே தெளிந்துவிடும், இதயம் அவ்வளவு வேகமாகத் தெளியாது. இரத்தத்தில் உள்ள அட்ரினலின் குறையச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த மிச்சப் படபடப்பு அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு அதைப் பெருக்கிவிடுகிறது என்று 1970-களின் தொடக்கத்தில் டோல்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் விளக்கினார். அடுத்து வந்தது நிம்மதியென்றால் அது பெரிய நிம்மதி. ஒரு விசர் வசனம் என்றால் வயிறு நோகச் சிரிப்பு. படத்தின் மோசமான வசனங்கள் எங்களுக்கு நகைச்சுவையாகப் பலித்தது இப்படித்தான்.

இதற்கெல்லாம் அளவு முக்கியம். டென்மார்க்கில் ஒரு பேய்வீட்டுக்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவியோடு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பயம் குறைந்தால் சலிப்பு, கூடினால் சகிக்க முடியாது, நடுவில் எங்கோதான் ரசனை உச்சத்தில் இருந்தது. பழகிய வாய்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது. யார் தப்புவார் என்று தெரிந்திருப்பதால் பயம் கட்டுமீறுவதில்லை. முடிவை முன்பே சொல்லிக் கதை வாசிக்கக் கொடுத்தபோது வாசகர்கள் கூடுதலாக ரசித்ததாக 2011-இல் சான் டியேகோவில் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இந்த வகைப் படத்தில் புதுமை இல்லாததைக் குறையென்று நான் எழுதமாட்டேன்.

எல்லோருக்கும் அந்த நடுப்புள்ளி ஒரே இடத்தில் இருக்காது. அன்று மாமி பாதியில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை. பெரும் அச்சத்தில் வாழ்ந்தவர்களில் சிலருக்குத் திடுக்கிடும் தெறிவினை பல ஆண்டுகள் கழித்தும் கூர்மையாகவே இருக்கும், மருத்துவர்கள் அதை ஓர் அறிகுறியாகவே கணக்கில் எடுக்கிறார்கள். அப்படியானவரிடம் "படம்தானே" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. சத்தத்தைக் குறைத்தோம்.

உண்மையான குறை வேறு. ஒரே மாதிரிச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் தெறிவினை மங்கிவிடும். இந்தப் படத்தில் பூனை பாய்ந்து பயமுறுத்துகிறது, நண்பன் தோளில் கைவைத்துப் பயமுறுத்துகிறான், பிறகு மறுபடியும் பூனை. கடைசி அரை மணிநேரத்தில் கோடரிக்காரன் மறுபடி உண்மையாகவே வந்தபோது எல்லோரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மங்கிய தெறிவினை இடைவெளி விட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். மச்சான் இரண்டாம் பாகத்தை ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறான்.