இஞ்சின் பின்னுக்கென்றால் எலைன்மென்டும் பின்னுக்கிருந்துதான்

பீச் பகி, அதாவது பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலின் செஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய திறந்த கார், வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையில் ஒரு தாள் இருக்கும். கம்பியூட்டர் எலைன்மென்ட் செய்த இடத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள். முன்சில்லு இரண்டுக்கும் டோ (மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) பச்சை, கெம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சில்லு சாய்ந்திருக்கும் அளவு) பச்சை. காஸ்டருக்கு (பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லு திரும்பும் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவு) வெறும் கோடு. பின்சில்லுகளை யாரும் தொட்டதாகவே தெரியாது. "எல்லாம் சரியெண்டுதானே அண்ணே போட்டிருக்கு, பிறகேன் நிலாவெளி ரோட்டில கச்சான் காற்று அடிச்சா கார் அங்கால இழுத்துக்கொண்டு போகுது?" என்று கேட்பார்கள். அதற்கு முன்பே சிலர் டயர் மாற்றிப் பார்த்திருப்பார்கள். சிலர் ஸ்டியரிங் பொக்ஸை இறுக்கி, இருந்ததையும் கெடுத்திருப்பார்கள்.

அந்தப் பச்சையை அவ்வளவு நம்ப வேண்டாம். மெஷினுக்குள் ஒவ்வொரு மொடலுக்கும் கம்பனி சொன்ன அளவுகள் இருக்கின்றன. பட்டியலில் "பீட்டில்" என்று தெரிவு செய்தால் மெஷின் உங்கள் காரை பீட்டிலோடு ஒப்பிடும். உங்களிடம் இருப்பதோ பீட்டில் அல்ல. கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் தன் முதல் பகியை 1964இல் செய்தார். பிறகு அவர் விற்ற கிட்டுகள், பீட்டிலின் செஸியை ஏறக்குறைய 37 சென்ரிமீற்றர் வெட்டிக் குறுக்கி, மேலே பைபர்கிளாஸ் பொடியை (காரின் மேற்கூட்டை) வைப்பவை. 2,400 மில்லிமீற்றராக இருந்த முன்பின் அச்சு இடைவெளி 2,030 அளவுக்கு வந்துவிடும். சுமார் 800 கிலோ இருந்த காரிலிருந்து பெரும்பாலும் இருநூறு கிலோ அளவு போய்விடும். போனதெல்லாம் இரும்புப் பொடி. இஞ்சினும் கியர்பொக்ஸும் பின்னுக்கு அப்படியே இருக்கின்றன. பீட்டிலிலேயே பாரத்தில் ஆறு பங்கு பின்னுக்கு, நாலு பங்கு முன்னுக்கு. பகியில் முன்பக்கம் இன்னும் லேசு.

அதனால் இந்த வண்டிகளில் வேலையைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முன்சில்லுகளைத் திருப்பும் டை ரொட்டைக் கடைசியாகத்தான் தொடுவது.

பழைய பீட்டிலின் பின்பக்கம் ஸ்விங் அக்ஸில். கியர்பொக்ஸ் பக்கத்தில் மட்டும்தான் மூட்டு. சில்லுப் பக்கத்தில் மூட்டு இல்லாததால், அச்சு எந்தச் சாய்வில் நிற்கிறதோ சில்லும் அதே சாய்வில்தான் நிற்கும். கார் உயர்ந்தால் சில்லின் அடி உள்ளே மடியும், தாழ்ந்தால் வெளியே விரியும். பீட்டிலின் பாரத்துக்கென்று முறுக்கி வைத்த டோர்ஷன் பாரின் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டின்) மேல் பாரம் குறைந்த பொடியை வைத்தால், பின்பக்கம் குதிக்காலைத் தூக்கி நிற்பது போல உயர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு ஸ்டைல் என்று அதை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. போதாததற்கு பின்னுக்கு உயரமான டயரும் போடுகிறார்கள்.

அந்த நிலையில் வளைவொன்றை வேகமாக எடுக்கும்போது மாடு குறுக்கே வருகிறது என்று வையுங்கள். திருகோணமலையில் மாடு குறுக்கே வராத வீதி எது? கால் தானாக அக்ஸலரேற்றரை விடும். பாரம் முன்னுக்குப் பாய, ஏற்கெனவே உயர்ந்திருந்த பின்பக்கம் இன்னும் மேலே எழும்பும். வளைவின் வெளிப்பக்கத்துப் பின்சில்லு அடியில் மடிந்து, டயரின் விளிம்பில் மட்டும் நிற்கும். அடுத்த கணம் காரின் வால் முன்னால் வரப் பார்க்கும். அமெரிக்காவில் செவ்ரோலே கோர்வேர் கார் பெயர் கெட்டதும் இந்த வகை அமைப்பால்தான். 1960 முதல் 1963 வரை வந்த அந்த மொடல்களும் பின் இஞ்சின், ஸ்விங் அக்ஸில். 1964இல் பின்னுக்கு ஒரு குறுக்கு லீஃப் ஸ்பிரிங் சேர்த்தார்கள், 1965இல் அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

கச்சான் கேள்விக்கும் பதில் இதே பின்பக்க உயரத்தில்தான் இருக்கிறது. பீட்டிலின் முன் அச்சு செஸியோடு ஒரே துண்டாகப் பூட்டியது. செஸி முன்னுக்குக் குனிந்தால் காஸ்டரும் அதே அளவு குறையும். முன்சில்லு போல் ஜொயின்டில் (பந்து மூட்டில்) திரும்பும் வகை பீட்டிலுக்குக் காஸ்டர் மூன்று டிகிரிக்குச் சற்று மேல். குறுக்கிய செஸியில் பின்பக்கம் மூன்றரை சென்ரிமீற்றர் உயர்ந்தால் ஒரு டிகிரி போய்விடும். உயர டயரும் சேர்ந்து ஏழு சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் மிச்சம் ஒன்றேகால் டிகிரிதான். ஸ்டியரிங்கைக் கைவிட்டால் தானாக நேருக்குத் திரும்ப வைப்பது காஸ்டர். அது இல்லாத, முன்பாரமும் இல்லாத காரைப் பக்கக்காற்று தள்ளாமல் என்ன செய்யும்? கடலேரிக்கு மேலுள்ள கிண்ணியாப் பாலத்தில் ஒருமுறை போய் வந்தால் தெரிந்துவிடும். தாளில் காஸ்டர் இடத்தில் கோடு போட்டிருந்ததற்குக் காரணம், அதை அளக்கச் சில்லுகளை இருபது டிகிரி இந்தப் பக்கமும் இருபது டிகிரி அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். கேட்டு வாங்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

பின் உயரத்தைக் குறைக்க டோர்ஷன் பாரின் பற்களை மாற்ற வேண்டும். உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு பக்கம், வெளியே ஒரு பல் மறுபக்கம் என்று மாற்றினால் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவாக நுணுக்கி வைக்கலாம். அழகான ஏற்பாடு. ஆனால் வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்கிறேன் என்று இறங்காதீர்கள். டோர்ஷன் பாரின் வெளிமுனையில் பூட்டிய ஸ்பிரிங் பிளேட் கீழ்த் தடுப்பில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். அதைச் சங்கிலியும் ஜக்கும் போட்டுப் பிடிக்காமல் தடுப்பிலிருந்து விடுவித்தால், அடிக்கும் அடியில் கால் முறியும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் இதே கணக்குத்தான். கீழே ஸ்டாண்ட் வையுங்கள்.

அளக்கத் தொடங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது காற்று. டயர் கடையில் எதையும் கேட்காமல் நாலு சில்லுக்கும் 32 அடித்துவிடுவார்கள். பீட்டிலுக்குச் சொன்னது முன்னுக்கு 16 முதல் 18 பி.எஸ்.ஐ., பின்னுக்கு 24 முதல் 27. அந்த வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. பின்பாரம் கூடிய காரில் முன் டயர் கொஞ்சம் மெதுவாகப் பிடித்தால்தான் வால் அடங்கியிருக்கும். கோர்வேருக்கும் முன்னுக்கு 15, பின்னுக்கு 26 என்றுதான் சொன்னார்கள். டாட்டா நானோ வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். அதற்கும் இஞ்சின் பின்னுக்குத்தான். முன்டயர் 135, பின்டயர் 155 அகலத்தில் கம்பனி கொடுத்தது சும்மா இல்லை. நாலும் ஒரே அளவில் இருந்தால் ஸ்பெயர் வைக்க வசதி என்று மாற்றாதீர்கள்.

அடுத்தது ஆட்டம். போல் ஜொயின்ட், கிங் பின், டை ரொட் என்ட், பெயாரிங் எதில் ஆட்டம் இருந்தாலும் எலைன்மென்ட் அளவுக்கு அர்த்தமில்லை. இங்கே உப்புக்காற்று ஒரு பக்கம், உப்புவெளி மணலில் ஓடிவிட்டு அப்படியே நிறுத்தி வைப்பது இன்னொரு பக்கம். முன் பீமில் (முன் அச்சாக இருக்கும் இரட்டைக் குழாயில்) கிரீஸ் நிப்பிள் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸ் பண்ணிவிட்டால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அங்கே பார்ப்பது புகையை.

பகிகளுக்கென்று தனியாக இன்னொன்று: செஸியை வெட்டி ஒட்டியவர் நேராக ஒட்டினாரா? முன் பீமின் இடது முனையிலிருந்து பின் டோர்ஷன் குழாயின் வலது முனை வரையும், வலதிலிருந்து இடது வரையும் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் நூலும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். வெல்டிங் வேலைதான் முதலில்.

இவையெல்லாம் சரியென்றால் அளப்பதற்குப் பெரிய சாமான் தேவையில்லை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் நாலு சில்லும் நிற்கும் இடத்தின் மட்டத்தைப் பாருங்கள். கராஜ் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போட்டிருக்கும். தாழ்ந்த பக்கத்துக்குத் தரை ஓடு ஒன்றோ இரண்டோ வைத்து உயர்த்துங்கள். முன்சில்லுகளின் கீழே, இடையில் கிரீஸ் பூசிய இரண்டு தகடுகள். ஓட்டுபவரின் எடைக்குச் சமனாக சீற்றில் அரிசி மூட்டையோ சீமெந்துப் பையோ. பெற்றோல் டாங்க் முன்னுக்கு இருப்பதால் அது பாதி நிரம்பியிருக்கட்டும். டாங்க் காலியாக இருக்கும்போது அளந்த காஸ்டர் நிரப்பியதும் மாறும்.

ஸ்விங் அக்ஸில் காரை ஜக்கில் தூக்கி இறக்கினால் பின்சில்லுகள் உள்ளே மடிந்தபடியே நிற்கும். டயர் தரையைப் பிடித்திருப்பதால் விரிய முடியாது. அந்த நிலையில் அளப்பது வீண். இறக்கிய பிறகு காரைச் சில மீற்றர் தள்ளி, முன்பின் அமுக்கி ஆட்டி, மறுபடி இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மெஷின் உள்ள இடத்திலும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு நூல். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும் தங்கூசி இதற்கு நல்லது, இழுத்துக் கட்டினால் தொய்யாது. காரின் இரு பக்கமும் ஹப் உயரத்தில், செஸியின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாகக் கட்ட வேண்டும். டயரை ஒட்டிக் கட்டினால் பிழைக்கும், ஏனென்றால் முன்சில்லு இரண்டுக்கும் இடையிலுள்ள அகலமும் பின்சில்லு இரண்டுக்கும் இடையிலுள்ள அகலமும் ஒன்றல்ல. ஒவ்வொரு அச்சிலும் இடது ஹப்புக்கும் நூலுக்கும் உள்ள தூரமும் வலது ஹப்புக்கும் நூலுக்கும் உள்ள தூரமும் சமனாக வரவேண்டும்.

முதலில் பின் கெம்பர். தூக்குநூலைச் சில்லின் வெளிமுகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்றால் ஆறரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பகிக்கு நான் வைப்பது, ஆள் ஏறிய நிலையில் நேர் நிற்பிலிருந்து ஒரு டிகிரி வரை மேல்பக்கம் உள்சாய்வு. அடிப்பக்கம் உள்ளே மடிந்து நிற்கும் காரைச் சாவி கொடுத்து வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது.

அடுத்து பின் டோ. அச்சுக் குழாயை ஸ்பிரிங் பிளேட்டோடு பூட்டும் போல்ட்டுகளின் துளைகள் நீளமானவை. அவற்றைத் தளர்த்தி முன்பின் நகர்த்தலாம். மொத்தமாக ஒன்று இரண்டு மில்லிமீற்றர் டோ-இன் (சில்லுகளின் முன்விளிம்பு உள்ளே பார்ப்பது), இரண்டு பக்கமும் சமனாக. அதற்கு எதிரான டோ-அவுட் ஒருபோதும் வேண்டாம். பின்சில்லு இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றால் கார் நண்டு போலச் சரிந்து ஓடும். ஓட்டுபவர் அறியாமலே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து ஓடுவார். முன்பக்கத்தை மட்டும் பார்க்கும் எலைன்மென்டில் டை ரொட்டைச் சுற்றி ஸ்டியரிங்கை நேராக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் வீலையே கழற்றிப் பல் மாற்றிப் போட்டுவிடுவார்கள். பீட்டிலின் ஸ்டியரிங் பொக்ஸ் நடுவில் இருக்கும்போது மட்டும்தான் ஆட்டமில்லாமல் இருக்கும். பொக்ஸை நடுவிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்டம் என்று இறுக்கினால் வளைவில் சிக்கிக்கொள்ளும்.

முன்பக்கத்துக்குச் சொல்ல அதிகமில்லை. உயரத்தைச் சரியாக்கிய பிறகும் காஸ்டர் போதாவிட்டால், பீமின் கீழ்க் குழாய்க்கும் செஸிக்கும் இடையில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து கீழ்க் குழாயை முன்னுக்குத் தள்ளலாம். கெம்பர் மேல்பக்கம் அரை டிகிரி வெளிச்சாய்வு. பொக்ஸை நடுவில் நிறுத்தி, டோ-இன் மொத்தம் அரை டிகிரி அளவு, 15 அங்குல ரிம்மில் மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேல். எல்லா நட்டையும் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது நகரும்.

ஓட்டிப் பார்க்க அநுராதபுர வீதியில் நேரான துண்டொன்றை, சனம் குறைந்த காலை நேரத்தில் தெரிவு செய்யுங்கள். நம் வீதிகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிவாகப் போட்டவை. இடதுபக்கம் ஓடும் கார் இடதுக்கு இலேசாக இழுப்பது வீதியின் வேலை, அதைத் திருத்தப் போகாதீர்கள். வீதியின் நடு முதுகில் ஒருமுறை ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். மாரி மழைக்குப் பிறகு பள்ளங்களில் விழுந்தெழும்பிய வண்டி என்றால் பின் துளைப் போல்ட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். சரியான இடத்தில் கூர் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தால் போல்ட் நகர்ந்ததா இல்லையா என்பது குனிந்து பார்த்தாலே தெரியும். அடுத்த முறை எலைன்மென்டுக்குப் போகும்போது பழைய தாளோடு, இரண்டு பின்சில்லுக்கும் மேலுள்ள பொடி வளைவின் உயரத்தையும் நிலத்திலிருந்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.