வருகைக்குப் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகிவிடும்

"கூட்டத்துக்கு வந்ததுக்குத்தானே ரேகை வாங்குனாங்க வக்கீலம்மா?"

மலைக்கிராமங்களிலிருந்து வரும் கட்சிக்காரர்கள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போன மாதமும் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கொண்டுவந்த நகலின் முதல் பக்கத்தில் நான்கு வரி தட்டச்சு, திட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று. அடுத்த பக்கங்களில் ஊதா மையில் ரேகைகள் மட்டும். எந்தக் கூட்டம், என்ன தேதி, எதுவும் இல்லை. அந்த முதல் பக்கத்தை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொரு பேச்சு. "நிலம் நம்ம கையிலதானே இருக்கு, காகிதத்துல என்ன இருக்கு?" படித்த இளைஞர்களே இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான், பழங்குடிகளின் நிலத்துக்காகப் போராடிய தயாமணி பார்லாவின் கதையைச் சொல்வேன்.

ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உழுதது அவர்தான், ஊருக்கே தெரியும். ஆனால் உரிமையைக் காட்ட ஆவணம் இல்லை. நிலம் போனது. அப்பா ஓர் ஊரில் வேலையாள், அம்மா இன்னோர் ஊரில் வீட்டு வேலை. பள்ளிக்கூடச் சிறுமி வயல்களில் கூலி வேலை செய்து படித்தார். பிறகு ராஞ்சியில் பாத்திரம் கழுவிக் கல்லூரி முடித்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-லிருந்தே இருக்கிறது. பழங்குடியின் நிலத்தை வெளியாள் வாங்கவே முடியாது என்கிற அளவுக்குக் கடுமையான சட்டம். அப்படி ஒரு சட்டம் இருந்தும் அந்தக் குடும்பம் தெருவுக்கு வந்தது. சட்டம் தானாக நடந்து உங்கள் வீட்டுக்கு வராது. நிலம் உங்கள் கையில் இருக்கிறது என்பதை யாராவது மறுக்கிற நாளில், நீங்கள் சொல்வதும் எதிராளி சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சுதான். அப்போது நீதிபதி காகிதத்தைத்தான் கேட்பார். உங்களிடம் இல்லை, எதிராளியிடம் உங்கள் ரேகையோடு ஒன்று இருக்கிறது என்றால் என்னைப் போன்றவர்களால் எவ்வளவு வாதாட முடியும்?

தயாமணி பத்திரிகையாளர் ஆனார். ராஞ்சியில் டீக்கடையும் நடத்தினார். நிலம் பற்றிப் பேச ஆட்கள் அங்கேதான் கூடினார்கள். 710 மெகாவாட் கோயல்-காரோ அணைக்கு எதிரான போராட்டத்தில் நின்றார். 2001 பிப்ரவரி 2 அன்று தப்கராவில் அந்தப் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். அணை வரவில்லை. அடுத்து, கும்லா, குந்தி பகுதியில் ஆர்செலர் மிட்டலின் 1.2 கோடி டன் எஃகு ஆலைத் திட்டம். ஊர் ஊராகப் போய், ஓர் அங்குல நிலம்கூடக் கொடுக்க மாட்டோம் என்று மக்களை உறுதியாக நிற்க வைத்தார். அந்த ஆலையும் அங்கே வரவில்லை. 2013-ல் பழங்குடி உரிமைக்கான எலன் லட்ஸ் விருது பெற்றார்.

வக்கீலாக என் கண் போவது 2012-க்குத்தான். அப்போது ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி விவசாயிகளின் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் வேலை அட்டை கேட்டு நடந்த ஊர்வலம் தொடர்பான பழைய வழக்கு ஒன்றில் அக்டோபரில் சரணடைந்தார். சிறை. வெளியே வர டிசம்பர் ஆனது. ஊருக்காக முன்னால் நிற்பவர்களே, உங்கள் பெயரில் பழைய வழக்கு, பிடிவாரண்ட் ஏதும் தூங்குகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வெற்றுத்தாளில் ரேகை வைக்காதீர்கள், யார் கேட்டாலும். பதிவேட்டில் 'வருகைக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். மேலே காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு இழுங்கள். பக்கத்தை செல்போனில் படம் எடுங்கள். அதிகாரி முறைப்பார், முறைக்கட்டும். காட்டில் வாழ்பவர்களின் நில உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தலையை எண்ணுங்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் 12 கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னபோது, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். கிராம சபைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதைக் கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள்.

அப்புறம், வனத்துறை போட்ட பழைய அபராத ரசீது. அவமானம் என்று கிழித்துப் போடுகிறார்கள். ஐயோ, வன உரிமை கேட்டு மனுப் போட 2005 டிசம்பருக்கு முன்பே நீங்கள் அந்தக் காட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும்; அதற்கு அரசே கொடுத்த அத்தாட்சி அதுதான்! ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் எழுத்தில் இருந்தால் சான்றாகும். அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் என் குமாஸ்தாவைத் தேடி வராதீர்கள். கடிதம் கைக்கு வந்த வாரமே வாருங்கள், தயவுசெய்து.