முக்குருத்தி பக்கம் வருகிறீர்களா? மரக்கன்று வேண்டாம்

"இவ்வளவு இடம் மொட்டையாக் கிடக்கே, ஆயிரம் கன்னு நட்டா என்ன சார்?" ஊட்டிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. மலைப் புல்வெளியை மீட்கும் வேலையில் இருப்பதால் எனக்குப் பழகிவிட்டது. கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் புல்லைத் தரிசாகப் பார்த்த கண்தான் நீலகிரியைப் பாதி தின்றது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், காகிதக் கூழுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சரிவு சரிவாக ஏறிவிட்டன.

இங்கே சோலை, அதாவது குட்டையான மலைக்காடு, மலை மடிப்புகளில் மட்டும் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி கொட்டும். சோலை மரக்கன்று அதில் கருகிவிடும், புல் தாங்கும். சதுப்புகளில் செடிகள் முழுசாக மட்காமல் படிந்த கரிமண்ணில் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய புல்லின் தடயம் கிடைத்திருக்கிறது. இந்தப் புல்வெளி யாரும் காட்டை வெட்டி உண்டாக்கிய வெற்றிடம் அல்ல. கடற்கரையில் மணல்மேட்டை அடும்புக்கொடி பிடித்து வைத்திருக்கிற மாதிரி, இங்கே சரிவைப் பிடித்திருப்பது புல்வேர். ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையும் இந்த மண்மேல்தான் விழுகிறது.

இரண்டு சரிவு சேருமிடத்தில் பச்சை கொஞ்சம் அடர்ந்து தெரிந்தால் அங்கே கால் வைக்காதீர்கள். அது சதுப்பு. மிதித்தால் செருப்பைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் கசியும். ஒருவர் மிதித்த தடத்திலேயே அடுத்தவரும் நடந்தால் அது கால்வாயாகிவிடும், ஜீப் டயர் என்றால் கேட்கவே வேண்டாம். கோடை வரை ஓடைக்குச் சொட்டு சொட்டாகப் போக வேண்டிய தண்ணீர் அதன் வழியே மழையோடு மழையாக வடிந்துவிடும். மழைக்காலத்தில் அந்த ஈரத்தில் விரல் உயரத்துக்குப் பூச்சி தின்னும் செடி முளைக்கும். இலை விளிம்பெல்லாம் சிவப்பு முடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. கொசு ஒட்டினால் முடிகள் மெல்ல வளைந்து மூடும். அதைப் படமெடுக்கக் குனிகிறவர், பக்கத்திலிருக்கும் நாலு செடியை மிதித்துவிட்டுத்தான் குனிகிறார்!

முக்குருத்தி தேசியப் பூங்கா 78.46 சதுர கிலோமீட்டர்தான். வரையாட்டின் முக்கியமான புகலிடம். அனுமதியில்லாமல் போகாதீர்கள். அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டி இருக்கிறது. நீலகிரிக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ், பிளாஸ்டிக் தடை எல்லாம் உங்களுக்கே தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் பனியில் காய்ந்த புல் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். மண்ணில் பல வருஷம் உறங்கிக் கிடக்கும் சீகை விதைக்கு அந்தச் சூடு போதும், கூட்டமாக முளைத்துவிடும். நடக்கப் போகுமுன் காலுறையில் ஒட்டிய விதைகளைத் தட்டிவிடுங்கள்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லையென்றால், வனத்துறை அனுமதியோடு நடக்கும் சீகை பிடுங்கும் வேலைக்கு வாருங்கள். மழைக்காலத்தில் வருவது நல்லது. மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரக் கன்று வேரோடு கையில் வரும். வளர்ந்துவிட்டால் வெட்டத்தான் வேண்டும், சீகையோ வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும்.